மலை இறங்கும் காருக்கு எந்த பிரேக் பேட்?

வாசகர் கேள்வி: வணக்கம் சார். கோயம்புத்தூரில் ஆசிரியையாக வேலை பார்க்கிறேன். என்னிடம் இருப்பது 2018 மாடல் மாருதி ஸ்விஃப்ட், பெட்ரோல், ஏஜிஎஸ் கியர் (கிளச் இல்லாமல் தானே மாறுவது). அம்மா குன்னூரில் இருப்பதால் மாதம் இரண்டு முறையாவது மேட்டுப்பாளையம் வழியாகப் போய் வருவேன். நானேதான் ஓட்டுவேன். முன் சக்கர பிரேக் பேட் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். போன முறை கம்பெனி பேட் போட்டும் 24,000 கிலோமீட்டர்தான் வந்தது. சர்வீஸ் சென்டரில் பேட் 2,300 ரூபாய், கூலி, கிளீனிங் எல்லாம் சேர்த்து 4,200 ஆகும் என்கிறார்கள். எங்கள் தெரு மெக்கானிக், "நல்ல வெளி பிராண்ட் 1,300-க்கே கிடைக்குதுங்க, கம்பெனி பேடைவிட அதிகம் உழைக்கும். கம்பெனி பெட்டியிலேயே வேணும்னா 850-க்கு வாங்கித் தரேங்க" என்கிறார். பிரேக் விஷயத்தில் கம்பெனிப் பொருளைத் தவிர எதையும் தொடாதே என்கிறான் என் தம்பி. யார் சொல்வதைக் கேட்பது? அடுத்த வாரக் கடைசியில் குன்னூர் போக வேண்டியிருக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். 2,300 ரூபாய் பேடையும் போடலாம். பெயர் தெரிந்த நிறுவனம் தயாரித்து, உங்கள் வண்டிக்கானது என்று பெட்டியில் எழுதியிருந்தால் 1,300 ரூபாய் பேடையும் போடலாம். 850 ரூபாய்க்கு வரும் அந்தக் "கம்பெனி பெட்டி"யை மட்டும் எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள். உங்கள் தம்பி அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் பெட்டியில் கம்பெனி பெயர் இருந்தால் போதும் என்று நம்புகிறவர்கள்தான் இந்த 850 ரூபாய் பேடில் போய் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டில் ஒன்றைச் சொல் என்றால், மாதம் இரண்டு முறை மலை இறங்குகிற உங்களுக்குக் கம்பெனி பேடையே சொல்வேன். அதற்கு 4,200 ரூபாய் கொடுக்க வேண்டியதும் இல்லை, வேறு வழி இருக்கிறது. 24,000 கிலோமீட்டரில் தேய்ந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்த வரி அதுதான். அந்தக் கணக்கில் பேடின் பங்கு குறைவு என்று நினைக்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

கார் கம்பெனிகள் பொதுவாக பிரேக் பேடைத் தாங்களே செய்வதில்லை. அதற்கென்றே இருக்கும் நிறுவனங்களிடம் செய்து வாங்குகின்றன. நம் ஊரிலேயே அந்தத் தொழில் பெரிதாக வளர்ந்திருக்கிறது. ரானே பிரேக் லைனிங், சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், பிரேக்ஸ் இந்தியா எல்லாம் சென்னையில் அம்பத்தூர், பாடிப் பக்கம் வளர்ந்த நிறுவனங்கள். இப்படிப்பட்ட நிறுவனங்கள் கார் கம்பெனிகளுக்கும் கொடுக்கின்றன, தங்கள் சொந்தப் பெட்டியில் போட்டு ஸ்பேர்பார்ட்ஸ் கடைகளுக்கும் அனுப்புகின்றன. பாஷ், பிரெம்போ, டிஆர்டபிள்யூ மாதிரி வெளிநாட்டுப் பெயர்களும் இங்கே கடையில் கிடைக்கின்றன. ஆக, "கம்பெனி", "வெளி" என்று நாம் பிரித்துப் பேசும் இரண்டு பெட்டிகள் சில சமயம் ஒரே தொழிற்சாலையிலிருந்து வந்தவையாக இருக்கும்.

இதை ஒட்டி ஒரு வழக்கே நடந்தது. கார் கம்பெனிகள் தங்கள் ஸ்பேர்களை வெளிக் கடைகளுக்குப் போகவிடாமல் தடுக்கின்றன, தங்களுக்குச் செய்து கொடுக்கும் தயாரிப்பாளர்கள் அதே பொருளை வெளியே விற்கவும் விடுவதில்லை என்று இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் போனது. 2014 ஆகஸ்டில் ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஸ்பேர்கள் வெளிச்சந்தையில் தாராளமாகக் கிடைக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. அப்புறம் அது மேல்முறையீடுகளுக்குப் போனது வேறு கதை. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, வெளியே வாங்குவது திருட்டுத்தனமான காரியம் இல்லை என்பதுதான். யாரிடம், எதை வாங்குகிறோம் என்று பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவே.

சரி, ஒரே தொழிற்சாலை என்றால் இரண்டும் ஒன்றா? அப்படியும் சொல்ல முடியாது. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேட் என்பது ஒரு இரும்புத் தகடு, அதன்மேல் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டவைத்த உராய்வுக் கலவை. அந்தக் கலவையில் ரெசின், பலவகை நார்கள், உலோக இழை, கிராஃபைட், அலுமினா மாதிரி கடினமான பொடிகள் என்று பத்து இருபது பொருள்கள் சேரும். எதை எவ்வளவு சேர்ப்பது என்பதுதான் ஒவ்வொரு தயாரிப்பாளரின் ரகசியம். கார் கம்பெனி கேட்டு வாங்கும்போது அந்தக் கலவையை அந்த வண்டியில் போட்டே சோதிப்பார்கள். உங்கள் ஸ்விஃப்டின் எடை, முன் டிஸ்க்கின் அளவு, பின்னால் இருக்கும் டிரம் எவ்வளவு பிடிக்கும், மிதித்தால் பெடல் எவ்வளவு கனமாக இருக்க வேண்டும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் எந்த இடத்தில் வேலையைத் தொடங்கும் என்று எல்லாவற்றையும் பார்த்து, கீச்சென்ற சத்தம் வராமல் ஒரு கலவையை முடிவு செய்கிறார்கள். வெளிச்சந்தைக்கு வரும் பேடில், அதே தயாரிப்பாளரே ஆனாலும், கலவை வேறாக இருக்கலாம். பல மாடல்களுக்குப் பொதுவாக ஒன்றைச் செய்திருப்பார்கள். பாதுகாப்பில் குறை இருக்காது. ஆனால் மிதித்தவுடன் பிடிப்பது கொஞ்சம் கூடலாம், குறையலாம். காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்கில் சத்தம் வரலாம். சக்கரத்தில் கருப்புத் தூசி அதிகம் படியலாம். ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு இதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. அவர் என்னிடம் கேட்டிருந்தால் 1,300 ரூபாய் பேடைத் தயங்காமல் போடச் சொல்லியிருப்பேன்.

"அதிகம் உழைக்கும்" என்று உங்கள் மெக்கானிக் சொன்னாரே, அதை நல்ல குணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பேடும் டிஸ்க்கும் ஒன்றையொன்று தேய்த்துத்தான் வண்டியை நிறுத்துகின்றன. பேட் கடினமாக இருந்து தேயவில்லை என்றால், பல நேரம் டிஸ்க் தேயும். டிஸ்க் மாற்றுவது இன்னும் பெரிய செலவு. இல்லாவிட்டால் உராய்வே குறைவாக இருக்கும், நீங்கள் காலை இன்னும் அழுத்த வேண்டிவரும். பேட் என்பது தேய்வதற்கென்றே போடும் பொருள். இரண்டு பேடுக்கும் விலை வித்தியாசம் 1,000 ரூபாய். 25,000 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 4 பைசா. இந்த நாலு பைசாவுக்காக மலைப்பாதையில் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பது என் கட்சி.

இப்போது அந்த 850 ரூபாய்க்கு வருகிறேன். கம்பெனியே 2,300-க்கு விற்கும் பொருள், அதே பெட்டியில், அதில் மூன்றில் ஒரு பங்கை விடக் கொஞ்சம் அதிக விலைக்கு எப்படி வரும்? பெட்டியை அச்சடிப்பது சுலபம். ஹாலோகிராம் ஸ்டிக்கரையும் செய்துவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் கலவையை யார், எங்கே, எதைப் போட்டுக் கலந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. மட்டமான பேடில் நான் அதிகம் பயப்படுவது தேய்மானத்துக்கு இல்லை. உராய்வுக் கலவை தகட்டைவிட்டுப் பிரிந்து வருவதற்குத்தான். தகட்டைச் சரியாகச் சுத்தம் செய்யாமல், சரியான பசை போடாமல் ஒட்டியிருப்பார்கள். ஊருக்குள் நன்றாகத்தான் இருக்கும். மலை இறக்கத்தில் சூடு ஏறும்போது கலவையில் விரிசல் விடும், ஓரத்தில் துண்டு துண்டாக உதிரும், முழுசாகப் பெயரவும் பெயரும். அதற்கப்புறம் டிஸ்க்கில் பிடிப்பது வெறும் இரும்புத் தகடு. மெக்கானிக்கை நான் குறை சொல்லவில்லை. பெட்டியைப் பார்த்து அவரும் நம்பியிருக்கலாம். நீங்கள் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

நல்லதைக் கண்டுபிடிப்பது எப்படி? முதல் பாதுகாப்பு, வாங்கும் இடம். மாருதி ஜெனியூன் பார்ட்ஸை சர்வீஸ் சென்டரில் மட்டும் விற்பதில்லை, அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர் கடைகளிலும் நேரடியாக வாங்கலாம். வண்டியின் ஆர்சி புத்தகத்தைக் கொண்டுபோய் சேசிஸ் எண்ணைச் சொன்னால் சரியான பார்ட் நம்பரைப் பார்த்து எடுத்துக் கொடுப்பார்கள். பில்லோடு வாங்கி உங்கள் மெக்கானிக்கிடமே கொடுத்துப் போடச் சொல்லுங்கள், கூலியை மட்டும் அவருக்குக் கொடுங்கள். நான் முதலில் சொன்ன வழி இதுதான். நீங்கள் வெளி பிராண்டையே எடுத்தாலும் அந்த நிறுவனத்தின் டீலரிடம், பில்லோடு வாங்குங்கள். பில் தர மாட்டேன் என்கிற கடையில் பிரேக் சாமான் வாங்காதீர்கள்.

பெட்டியில் தயாரித்தவர் அல்லது பேக் செய்தவர் பெயர், முகவரி, மாதம், வருடம், எம்ஆர்பி, வாடிக்கையாளர் தொடர்பு எண் எல்லாம் இருக்க வேண்டும். பொட்டலமாக விற்கும் பொருளுக்குச் சட்டமே இதைக் கேட்கிறது. அப்புறம் பெட்டியைத் திறந்து பேடைக் கையில் எடுங்கள். தகட்டின் பின்புறம் பார்ட் நம்பரும் பேட்ச் எண்ணும் அச்சாகியிருக்கும். நாலு பேடிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். தகட்டு ஓரம் பிசிறில்லாமல், பெயிண்ட் சீராக இருக்க வேண்டும். கலவையின் மேல் விரிசலோ ஓரத்தில் உடைசலோ இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சில பேடுகளின் பக்கவாட்டில் ஒரு குறியீடு இருக்கும், அதன் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்துகள் வரும். அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ வகுத்த முறை அது. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு எவ்வளவு என்பது, இரண்டாவது எழுத்து நன்றாகச் சூடேறிய பிறகு எவ்வளவு என்பது. 'இ' என்றால் உராய்வு எண் 0.25-லிருந்து 0.35 வரை, 'எஃப்' என்றால் 0.35-லிருந்து 0.45 வரை, 'ஜி' என்றால் 0.45-லிருந்து 0.55 வரை. மலை இறங்குகிறவர் இரண்டாவது எழுத்தைப் பார்க்க வேண்டும். 'எஃப் எஃப்' என்றிருந்தால் சூட்டிலும் பிடி குறையவில்லை என்று அர்த்தம். 'எஃப் இ' என்றால் சூடேறினால் பிடி தளர்கிறது. ஒன்று நினைவிருக்கட்டும், இந்தச் சோதனையைப் பேடிலிருந்து வெட்டிய சிறு துண்டில் செய்கிறார்கள், காரில் வைத்துச் செய்வதில்லை. எழுத்து நன்றாக இருப்பதால் மட்டும் பேட் நல்லது என்று ஆகிவிடாது. மோசமான எழுத்து இருந்தால் ஒதுக்கிவிடலாம், அதற்கு உதவும்.

இதைவிட எனக்கு நம்பிக்கை தருவது ஐரோப்பிய முத்திரை. வட்டத்துக்குள் ஒரு 'இ' எழுத்தும் நாட்டு எண்ணும், பக்கத்தில் '90 ஆர்' என்று தொடங்கும் எண்ணும் இருக்கும். ஐக்கிய நாடுகள் விதி 90-ன்படி சோதிக்கப்பட்ட பேட் என்று பொருள். அந்த விதி மாற்று பேடைக் குறிப்பிட்ட வண்டிக்கென்று சோதித்து, பிரேக் பிடிக்கும் தன்மை அசல் பேடிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்கிறது. கூடவும் கூடாது என்பதைக் கவனியுங்கள். முன்னால் மட்டும் திடீரென்று அதிகம் பிடித்தால், பின் டிரம்மோடு கம்பெனி வைத்திருந்த கணக்கு கெட்டுப்போகும். இங்கே விற்கும் பேடுகளிலும் சிலவற்றில் இந்த முத்திரை இருக்கும். உங்கள் மெக்கானிக் சொல்லும் 1,300 ரூபாய் பேடில் அது இருந்தால் என் தயக்கத்தில் பாதி போய்விடும். நம் நாட்டிலும் பிரேக் லைனிங்குக்கு ஐஎஸ் 2742 என்று ஒரு தரநிலை இருக்கிறது.

ரேஸ் வண்டிக்குப் போடுகிற மாதிரி 'பெர்ஃபார்மன்ஸ்' பேட் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அவை சூடேறினால்தான் நன்றாகப் பிடிக்கும். குன்னூரில் பனிக் காலையில் வண்டியை எடுத்து முதல் வளைவில் மிதிக்கும்போது உங்களுக்கு வேண்டியது குளிர்ந்த பேடின் பிடி.

மலையைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆள், சாமான் எல்லாம் சேர்த்து உங்கள் கார் 1,200 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,500 மீட்டர். அவ்வளவு உயரம் இறங்கும்போது அந்த எடை விடுகிற ஆற்றல் ஏறக்குறைய 17.6 மெகாஜூல். சமவெளியில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் அதே காரை முழுசாக நிறுத்தினால் பிரேக் விழுங்கும் ஆற்றல் 0.46 மெகாஜூல். வகுத்துப் பாருங்கள், குன்னூரிலிருந்து ஒருமுறை இறங்குவது 100-லிருந்து பூஜ்யத்துக்கு 38 முறை நிறுத்துவதற்குச் சமம். டயரும் காற்றும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை இன்ஜின் தாங்க வேண்டும், இல்லையென்றால் பிரேக் தாங்க வேண்டும். மூன்றாவது ஆள் கிடையாது.

இங்கேதான் உங்கள் 24,000 கிலோமீட்டர் கணக்கு வருகிறது. நீங்கள் எழுதவில்லை என்றாலும் கேட்கிறேன். இறக்கத்தில் கியரை 'டி'யிலேயே விட்டுவிடுகிறீர்களா? ஏஜிஎஸ், ஆட்டோமேட்டிக் ஓட்டுகிறவர்களில் நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். 'டி'யில் இருந்தால், கால் ஆக்ஸிலரேட்டரை விட்டதும், வண்டி வேகம் பிடிக்கப் பிடிக்க பெட்ரோலை மிச்சப்படுத்த அது மேல் கியருக்குப் போகப் பார்க்கும். மேல் கியரில் இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிப்பது குறைவு. அந்த வேலை முழுவதும் பேட் தலையில் விழுகிறது. குன்னூரை விட்டுக் கிளம்பும்போதே லீவரை 'எம்' பக்கம் தள்ளி, மைனஸ் பக்கம் தட்டி இரண்டாவது கியருக்குக் கொண்டுவந்துவிடுங்கள். செங்குத்தான இடங்களில் முதல் கியர் வரை இறக்கலாம். இன்ஜின் உறுமும், பயப்பட வேண்டாம், இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் டேக்கோமீட்டர் முள் சிவப்புக்குப் போகாதவரை அதற்கு ஒன்றும் ஆகாது. கால் ஆக்ஸிலரேட்டரில் இல்லாதபோது பெட்ரோலும் செலவாகாது. பிரேக்கை மிதித்தபடியே வராமல், வளைவுக்கு முன்னால் நன்றாக மிதித்து வேகத்தைக் குறைத்து, உடனே காலை எடுங்கள். காலை எடுத்திருக்கும் அந்தச் சில விநாடிகளில்தான் டிஸ்க் காற்றில் ஆறும். இதை மட்டும் செய்தாலே அடுத்த பேட் இன்னும் நிறைய கிலோமீட்டர் வரும்.

நியூட்ரலில் விட்டு இறங்குவதையும், இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குவதையும் கனவிலும் செய்யக் கூடாது. பிரேக் மிதிப்பதை லேசாக்கும் பூஸ்டர் இன்ஜின் தரும் வெற்றிடத்தில்தான் வேலை செய்கிறது. இன்ஜின் நின்றுவிட்டால் இரண்டு மூன்று மிதிக்கு மேல் அந்த உதவி இருக்காது, ஸ்டியரிங்கும் கனத்துவிடும்.

மலையில் பிரேக் தளர்வது இரண்டு விதம். இரண்டையும் நீங்கள் காலிலேயே கண்டுபிடிக்கலாம். பெடல் கெட்டியாகத்தான் இருக்கிறது, எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்க மாட்டேன் என்கிறது, கருகிய வாடை வருகிறது என்றால் பேட் சூட்டில் சோர்ந்துவிட்டது. சுமார் 300 டிகிரியைத் தாண்டும்போது கலவையில் இருக்கும் ரெசின் சிதையத் தொடங்கி, பிடி விழுந்துவிடும். இந்த இடத்தில் நல்ல பேடுக்கும் மட்டமான பேடுக்கும் வித்தியாசம் தெரியும். இன்னொரு விதத்தில் பெடல் பஞ்சு மாதிரி மெத்தென்று உள்ளே போகும். அது பேடின் குற்றமே இல்லை, பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். டாட் 3 என்ற ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அது 140 வரை இறங்கலாம். டாட் 4-க்கு இந்தக் கணக்கு 230, 155. கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் வரும், நீங்கள் மிதிப்பது குமிழை அமுக்கவே போய்விடும். 2018 வண்டியில் ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? தெரியாது என்றால், பேட் மாற்றும் அன்றே ஆயிலையும் முழுசாக மாற்றிவிடுங்கள். வண்டியில் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் என்ன டாட் என்று எழுதியிருக்கிறதோ அதையே, மூடி திறக்காத புது டப்பாவிலிருந்து ஊற்றச் சொல்லுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இதைச் செய்வது நல்லது. சர்வீஸ் சென்டர் போகாமல் மிச்சம் பிடித்த பணத்தை இதில் செலவழித்தால் எனக்கு மகிழ்ச்சிதான்.

இப்படி எது நடந்தாலும் பெடலை விட்டு விட்டு வேகமாக மிதியுங்கள், கியரைக் கீழே இறக்குங்கள், ஹேண்ட்பிரேக்கை மெதுமெதுவாக இழுங்கள், மலைச் சுவர்ப் பக்கமாக ஒதுங்கி நிறுத்துங்கள். அரை மணி நேரம் ஆறவிடுங்கள். பர்லியாறு மாதிரி இடங்களில் வண்டியை நிறுத்தி, கொதிக்கும் சக்கரத்தில் சிலர் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அதைச் செய்யாதீர்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் பட்டால் அது வளைந்துபோகலாம், விரிசலும் விடலாம். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல்லை, கிளம்பும்போது சாலையிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டு வாருங்கள். பின்னால் பைக்கில் வருகிறவருக்கு அது எமன்.

இனி பேட் போடும் வேலை. எந்தப் பெட்டியை வாங்கினாலும், போடுகிறவர் சரியாகப் போடவில்லை என்றால் எல்லாம் வீண். பக்கத்தில் நின்று பாருங்கள், கூச்சப்பட வேண்டாம். இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், ஒரு சக்கரத்துக்கு மட்டும் கூடவே கூடாது. பேடைத் தாங்கி டிஸ்க்கின்மேல் அழுத்தும் காலிப்பர் என்ற பாகம் நகரும் பின்களைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்று வரும் சிலிக்கான் கிரீஸ் போட வேண்டும், சாதாரண கிரீஸ் அங்கிருக்கும் ரப்பரைக் கெடுத்துவிடும். பேடோடு வரும் மெல்லிய தகடு, கிளிப் எதையும் "இது இல்லாமலே ஓடும்" என்று ஒதுக்கிவிடக் கூடாது, சத்தம் வராமல் காப்பது அவைதான். டிஸ்க்கின் தடிமனை அளக்கச் சொல்லுங்கள். குறைந்தபட்ச அளவு டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், அதற்குக் கீழே போயிருந்தால் டிஸ்க்கையும் மாற்ற வேண்டியதுதான். பிரேக் தூசியை ஏர் கன் வைத்து ஊதவிடாதீர்கள், நீங்களும் அந்தப் பக்கம் நிற்காதீர்கள். பழைய, மலிவான பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். அது நுரையீரலுக்கு எமன், வேலை செய்கிற பையனுக்கும்தான். பிரேக் கிளீனர் தெளித்துத் துடைத்தால் போதும். எல்லாம் முடிந்ததும், வண்டியை நகர்த்தும் முன் பெடலை நாலைந்து முறை மிதித்துக் கெட்டியாக்க வேண்டும். பேட் போடும்போது, பேடை அழுத்தும் பிஸ்டனைக் காலிப்பருக்குள் தள்ளியிருப்பார்கள், அதனால் முதல் மிதி வெறுமனே போகும். ஷெட்டிலிருந்து வெளியே எடுக்கும்போதே முன்னால் நிற்கும் வண்டியில் இடிப்பது இப்படித்தான்.

உங்கள் பயணம் அடுத்த வாரக் கடைசியில் என்றால், இந்த வாரமே பேடை மாற்றிவிடுங்கள். மாற்றிய அன்றே மலை ஏற வேண்டாம். புதுப் பேடின் முகம் டிஸ்க்கோடு முழுசாகப் பொருந்தியிருக்காது, முதல் பெரிய சூட்டில் அதன் பிடியும் கொஞ்சம் விழும். வண்டி நடமாட்டம் இல்லாத சாலையில் 60-லிருந்து 20 வரை நிதானமாக மிதித்துக் குறையுங்கள், முழுசாக நிறுத்த வேண்டாம். திரும்ப வேகம் எடுத்து, இடையில் ஆறவிட்டு, பத்து முறை போல இப்படிச் செய்யுங்கள். அப்புறம் பள்ளிக்கூடம், கடை என்று ஊருக்குள் ஒரு 200 கிலோமீட்டர் ஓடட்டும். பத்து நாளில் அவ்வளவு ஓடாது என்றால், பயணத்தை ஒரு வாரம் தள்ளிவைத்துவிட்டு அம்மாவுக்கு ஃபோன் போட்டுச் சொல்லிவிடுங்கள். அவரும் அதையேதான் சொல்வார்.

பின் சக்கரத்தில் உங்களுக்கு டிரம் பிரேக். அதற்குள் பேடின் வேலையைச் செய்யும் ஷூவைத் திறந்து பார்க்க எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். முன் பேட் மாற்றும்போதே டிரம்மைக் கழற்றி, ஷூ எவ்வளவு மிச்சம், வீல் சிலிண்டரில் ஆயில் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பின்னால் சரியாகப் பிடிக்கவில்லை என்றாலும் முன் பேட் சீக்கிரம் தேயும்.

கழற்றிய பழைய பேடுகள் நாலையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். நாலும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால் காலிப்பர் நன்றாக இருக்கிறது, தேய்மானத்துக்குப் பெரும்பாலும் நான் சொன்ன 'டி' கியர்தான் காரணமாக இருக்கும். ஒரே சக்கரத்தில் உள்பக்கப் பேட் மிகவும் தேய்ந்து வெளிப்பக்கப் பேட் தடிமனாக இருந்தாலோ, ஒரு பேடே ஒருபக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தாலோ, காலிப்பர் நகரும் பின் இறுகியிருக்கிறது அல்லது பிஸ்டன் திரும்பி வரவில்லை. அதைச் சரிசெய்யாமல் எந்த பேடைப் போட்டாலும் மறுபடி 24,000 கிலோமீட்டர்தான் வரும். முகம் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்து, ஓரம் நிறம் மாறியிருந்தால் நிறையச் சூடு பார்த்த பேட். நாலையும் வரிசையாக வைத்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.